மூன்றாம் வரிசையில் சிரிப்பவர்

ஜூன் 2, திங்கள்

இந்த நோட்டை முக்குக் கடையில் நானே வாங்கினேன் என்பதை முதல் வரியிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். காரணம் இருக்கிறது. இன்று புது வேலையில் சேர்ந்தேன். சேர்ந்ததும் தடித்த அட்டை போட்ட ஒரு நோட்டும், கூடவே முப்பத்தோரு பக்க ஒப்பந்தமும் கொடுத்தார்கள். அவர்கள் நோட்டில் எழுதுவதும் அவர்கள் அறையில் பேசுவதும் கம்பெனிச் சொத்து என்று பதினேழாம் பக்கத்தில் இருக்கிறதாம். நான் படிக்கவில்லை, வசுமதி படித்தாள். என் மனைவி சார்பதிவாளர் அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் பத்திரம் படித்துப் பழகியவள். சினிமாப் பாட்டுப் புத்தகம் கொடுத்தால்கூட வில்லங்கம் பார்ப்பாள்.

"'அறையில் வாய்மொழியாகப் பகிரப்படும் அனைத்தும்'னு போட்டிருக்கான். உங்க வாய்க்கு இது ஆபத்துங்க," என்றாள்.

"பேசறதுக்குத்தானே சம்பளமே தர்றான்?"

"அதான் பயமா இருக்கு."

இந்த நோட்டு தொலைந்து யார் கையிலாவது கிடைத்தால் அவர்களுக்காக: என் பெயர் குலோத்துங்கன், வயது ஐம்பத்து மூன்று. அப்பா தமிழ் வாத்தியார். மகன் கடாரம் வெல்வான் என்று நம்பினார். நான் முப்பது வருஷமாக மற்றவர்கள் படத்துக்குச் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தேன். டைரக்டர் ஒரு பக்கம் தன் படத்தை எடுத்து முடிப்பார். அதற்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காமெடி நடிகர் தன் ஆட்களோடு வந்து, இரண்டே நாளில் எட்டுக் காட்சி எடுத்துக் கொடுப்பார். எழுதுவது நான். அதைப் படத்தில் அங்கங்கே வெட்டிச் செருகுவார்கள். கதாநாயகியின் அம்மா உயிரை விட்ட அடுத்த நிமிஷம் என் பால்காரர் மாட்டிடம் உதை வாங்குவார்.

திரையில் நடிகர் பெயர் வரும். என் பெயர் ஒரே ஒரு தடவை வந்திருக்கிறது. 'நன்றி' பட்டியலில், ஒரு பஞ்சாயத்து யூனியனுக்கும் ஜெனரேட்டர் வாடகைக்காரருக்கும் நடுவில்.

ஜூன் 4, புதன்

காலையில் கேஸ் வந்தது. மதியம் பீர்க்கங்காய்.

வேலை செய்யும் இடம் எனக்குப் புதிதல்ல. சாலிகிராமம் சௌந்தரவல்லி ஸ்டுடியோ. வல்லி ஸ்டுடியோ என்பார்கள். பதினோரு ஏக்கர் இருந்தது, இப்போது இரண்டரை. முதல் முதலாளி காலத்தில் கதை எழுதுபவர், கதாநாயகி, வயலின்காரர், சாம்பார் ஊற்றுபவர் எல்லோருக்கும் மாசச் சம்பளம். ஒன்பதுக்கு மணி அடிக்கும். கதாநாயகன் தாமதமாக வந்தால் அரை நாள் பிடித்துவிடுவார்களாம். ராஜா வேஷத்தில் கிரீடத்தோடு கணக்குப்பிள்ளையிடம் கெஞ்சுவாராம்.

பிறகு சம்பளம் வாங்கினவர்கள் சம்பளம் சொல்ல ஆரம்பித்தார்கள். முதலாளியின் மகன் படம் எடுப்பதை நிறுத்தித் தளங்களை வாடகைக்கு விட்டார். கோர்ட், கோயில், ஜெயில், பண்ணையார் வீடு நான்கும் எப்போதும் தயாராக நிற்கும். காலையில் ஒரு கதாநாயகன் தீர்ப்புக் கேட்பான், மத்தியானம் அதே கூண்டில் வேறு கம்பெனிக் கதாநாயகன் ஏறுவான். நான் உள்ளே வந்தது அந்தக் காலத்தில். அப்புறம் எல்லோரும் நிஜ மலைக்கும் நிஜ வயலுக்கும் போய்விட்டார்கள். காலித் தளத்துக்குச் சீரியல்காரர்கள் வந்தார்கள். ஒரே மாடிப்படியில் ஆறு மாமியார்கள் ஏழு வருஷம் இறங்கினார்கள். ஜெயில் செட் இருந்த இடத்தில் பேரன் கல்யாண மண்டபம் கட்டினார். அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, இந்த நோட்டு வசுமதி கண்ணில் பட்டாலும் படலாம். பாதி நிலத்தில் அடுக்குமாடி எழும்பிவிட்டது.

மிச்சம் இரண்டு தளம். நான்காவதில் ஒரு டி.வி.யின் காமெடி ஷோ நடக்கிறது. ஐந்தாவதை மும்பைக் கம்பெனி ஒன்று எடுத்து, கண்ணாடி போட்டு, ஏ.சி. போட்டு, 'கேம்பஸ்' என்று பெயரும் போட்டிருக்கிறது. போனிலேயே பார்க்கிற தொடர்கள் எடுப்பவர்கள். அவர்கள்தான் எனக்கு மாசச் சம்பளம் தருகிறார்கள். மறுபடி மாசச் சம்பளம், மறுபடி ஒன்பது மணி! எண்பது வருஷம் ஊரெல்லாம் சுற்றிவிட்டு ஸ்டுடியோ புறப்பட்ட வாசலுக்கே வந்து நிற்கிறது. ஒரே வித்தியாசம். பழைய முதலாளி ஆளை வாங்கினார். மகன் இடத்தை விற்றார். இவர்கள் பேச்சை வாங்குகிறார்கள்.

ஜூன் 6, வெள்ளி

கதை பேசும் அறைக்கு 'ரூம்' என்றே பெயர். என்னோடு சேர்த்து ஏழு பேர். தலைவி ஷ்ரவந்தி. முப்பத்தொரு வயசு, பேச்சில் கண்ணியம், காலில் ஷூ. அடுத்தவன் நிகிலன். தாடிக்கு உள்ளே எங்கேயோ முகம் வைத்திருக்கிறான். மேஜை நடுவில் வெற்றிலைப் பெட்டி அளவில் ஒரு கருவி. நாம் பேசப் பேச எழுதிக்கொள்கிறது. நான் தும்மியதைக்கூட எழுதியிருந்தது.

இங்கே ஜோக் சொல்லக் கூடாது. சொந்த வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். நிகிலன் தன் அப்பா வீட்டை விட்டுப் போனதைச் சொன்னான். இன்னொரு பெண் தன் முறிந்த நிச்சயதார்த்தத்தைச் சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். எல்லோரும் "தேங்க் யூ ஃபார் ஷேரிங்" என்றார்கள். ஷ்ரவந்தி எழுந்து பலகையில் 'நிச்சயதார்த்தம்: எபிசோட் 3?' என்று எழுதினாள்.

என் முறை வந்தது. பால்காரர் மாட்டிடம் உதை வாங்குவதைச் சொன்னேன். அறையில் ஏ.சி. ஓடும் சத்தம் நன்றாகக் கேட்டது.

"சார், இது நல்லாருக்கு. ஆனா உங்களுக்குத் தெரிஞ்ச நிஜ மனுஷங்க யாராவது...?" என்றாள் ஷ்ரவந்தி. அவ்வளவு மரியாதையாக யாரும் என்னை இதற்குமுன் வெளியே தள்ளியதில்லை. மூன்று மாசம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். இதுவும் வசுமதி சொன்னதுதான்.

ஜூன் 9, திங்கள்

இன்று ரூமில் ஒரு சின்ன விஷயம் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றி. கொஞ்சம் நடித்தும் காட்டினேன். நிகிலன் தாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஷ்ரவந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சார், இத்தனை நாள் இதை எங்க வச்சிருந்தீங்க?" என்றாள்.

வரும்போது வசுமதிக்கு மல்லிகை வாங்கினேன். "என்ன தப்பு பண்ணீங்க?" என்றாள்.

ஜூன் 10, செவ்வாய்

பலகையில் 'மூணாவது வரிசை அங்கிள்' என்று எழுதி இரண்டு வட்டம் போட்டிருக்கிறார்கள். நான் ஊர், பேர் எதுவும் சொல்லவில்லை.

ஜூன் 11, புதன்

ஊர், பேர் எதுவும் சொல்லவில்லை என்று நேற்றே எழுதியிருக்கிறேன். தண்ணீர் லாரி வரவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து ஆரோக்கியம் அண்ணன் வீட்டுக்கு வந்தார். மாசத்தில் ஒரு ஞாயிறு எங்கள் வீட்டில் சாப்பாடு.

ஆரோக்கியம் என்ற பெயரே பாதி ஜோக். ஆள் ஊதுவத்தி மாதிரி இருப்பார். அறுபத்தொரு வயசு. என் காமெடிக் காட்சிகளில் அடி வாங்குகிறவர் அவர்தான். அறை விழுந்ததும் அரை விநாடி கழித்து முகம் ஒரு பக்கமாகப் போகும். அந்த அரை விநாடியை என்னால் எழுதவே முடியாது, அது அவருடையது. தனி காமெடிக் காட்சி என்கிற வழக்கமே ஒழிந்த பிறகு அவரை யாரும் கூப்பிடவில்லை. பதினோரு வருஷம் ஆகிறது.

சாப்பிட்டு முடிக்கையில் டி.வி.யில் நான்காம் தளத்துக் காமெடி ஷோ. ஆரோக்கியம் அண்ணன் போன் அடித்தது. திருச்சியிலிருந்து மகள் எமல்டா. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அம்மா இல்லாத பெண். ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, இப்ப வந்தீங்க! அந்தப் பச்சைச் சட்டைக்காரர் பேசினதும் விழுந்து விழுந்து சிரிச்சீங்களே, அது நல்லா ஒர்க் அவுட் ஆயிருக்குன்னு அர்த்தமாப்பா?"

"பரவால்லம்மா. முடிவு கொஞ்சம் இழுத்துட்டான். சொல்லியிருக்கேன்."

"எங்க எச்.எம். நேத்துகூடக் கேட்டாங்க. எங்கப்பாதான் ஆடியன்ஸோட உக்காந்து முழுக்க சூப்பர்வைஸ் பண்றார்னு எப்பவும் போலச் சொன்னேன்."

"நல்லதும்மா. சாப்பிட்டியா?"

"அண்ணன் இல்லாம அந்த ஷோவே நடக்காது போல," என்று வசுமதி ரசம் ஊற்றினாள். ஆரோக்கியம் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அப்பளத்தைப் பார்த்தேன்.

மகளிடம் சொல்லியிருப்பதுபோல் அவர் அங்கே ஆலோசகர் இல்லை. நாள் கூலிக்குச் சிரிக்கிறவர். மூன்றாம் வரிசை, ஓரத்திலிருந்து இரண்டாவது நாற்காலி. காலை ஒன்பதரைக்கு மேடையில் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். ஃப்ளோர் மேனேஜர் மைக்கில் "சிரிங்க" என்பார். முதலில் புன்சிரிப்பு, பிறகு கைதட்டிச் சிரிப்பு, பிறகு கண்ணைத் துடைத்துக்கொள்கிற சிரிப்பு, கடைசியில் பக்கத்தில் இருப்பவர் தோளில் சாய்கிற சிரிப்பு. எதிரே ஒன்றுமே இல்லாமல். அதையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு ஜோக்குகளுக்கு நடுவே ஒட்டுகிறார்கள். நான்கு வருஷமாக அந்த வரிசையில் அவர் ஆரம்பித்தால்தான் மற்றவர்களுக்குச் சிரிப்பு வரும். மகள் டி.வி.யில் முகத்தைப் பார்த்துவிட்டு "என்னப்பா பண்றீங்க அங்க?" என்று கேட்ட அன்று வாயில் வந்ததுதான் அந்த ஆலோசகர் வேலை. இதை உலகத்தில் ஒரே ஒருத்தனிடம் சொன்னார். போன தீபாவளிக்கு முந்தின நாள், சர்ச் எதிரே டீக்கடையில். "உன்னோட இருக்கட்டும் குலோ," என்றார்.

ஒன்பதாம் தேதி நான் ரூமில் சொன்ன சின்ன விஷயம் இதுதான்.

ஜூன் 18, புதன்

எட்டு எபிசோடிலும் 'அங்கிள்' வருகிறார். முதலில் மூன்றில்தான் இருந்தார். மும்பைக்காரர்கள் போன வாரம் படித்துவிட்டு, "இவர்தான் நம்ம தொடரோட இதயம்" என்றார்களாம்.

ஷ்ரவந்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "சார், டைட்டில்ல உங்களுக்குத் தனி கார்டு. 'கதாபாத்திர உருவாக்கம்: குலோத்துங்கன்.' முழு ஸ்கிரீன்ல, நீங்க மட்டும்."

உருவாக்கம்! அந்த மனிதரை அவரைப் பெற்ற தாய் உருவாக்கினார், வத்தலக்குண்டுப் பக்கத்தில். இதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: "ஒற்று மிகுமான்னு பார்த்துப் போடுங்க."

ஜூன் 20, வெள்ளி

அங்கிளை ரிட்டயர்டு போஸ்ட்மேனாக மாற்றலாமே என்று ரூமில் சொல்லிப் பார்த்தேன். மகளுக்குப் பதில் மகனாகவாவது வைக்கலாமே என்றேன். வேலூரில் வைக்கலாமே என்றேன்.

"ஏன் சார், நிஜம்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றான் நிகிலன்.

"நிஜம்தான். ஆனா..."

"ஆனா?"

கருவி எழுதிக்கொண்டிருந்தது. "ஒண்ணுமில்ல," என்றேன். அதையும் எழுதிக்கொண்டது.

ஜூன் 27, வெள்ளி

வசுமதியின் முழங்காலுக்கு எக்ஸ்ரே. தேய்மானமாம்.

டாக்டர் அறை வாசலில் இருக்கும்போது ஆரோக்கியம் அண்ணன் போன். குரல் பந்து மாதிரி துள்ளியது. "யோவ் குலோ! கூப்பிட்டாங்கய்யா! உங்க கம்பெனிதான்! பழைய படத்துல என் மூஞ்சியப் பார்த்தாங்களாம். பெரிய ரோல்னு சொல்றாங்க. புதன்கிழமை வந்து நடிச்சுக் காட்டணுமாம். நீதான் சொல்லிவிட்டியா?"

"நான் சொல்லலண்ணே."

"பொய் சொல்லாதய்யா. நீ சொல்லாம யார் சொல்லுவா? என்ன ரோலு, ஏதாவது தெரியுமா?"

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நடிகர் தேடுகிற பெண்ணுக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த குறிப்பு இப்படி: 'ஒல்லியான, வயதான, ஒரு காலத்தில் சிரிக்கவைத்த முகம்.' அந்தப் பெண் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறாள். இந்த ஊரில் அப்படி முகம் எத்தனை இருக்கும்?

அப்போதே சொல்லியிருக்கலாம். அஞ்சு நாள் இருந்தது. "டாக்டர் கூப்பிடறார்ணே," என்று வைத்துவிட்டேன். டாக்டர் கூப்பிடவில்லை. எங்கள் டோக்கன் பதினெட்டு, உள்ளே ஒன்பது.

ஜூலை 2, புதன்

எழுதத்தான் வேண்டும்.

ஆரோக்கியம் அண்ணன் இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் வந்தார். தலைக்குச் சாயம் அடித்திருந்தார். காதிலும் கொஞ்சம் அடித்திருந்தார். கேமரா, ஒரு நாற்காலி, ஷ்ரவந்தி, நிகிலன், மூலையில் நான். இரண்டு பக்கக் காட்சியைக் கையில் கொடுத்தார்கள். அங்கிள் மகளோடு போனில் பேசுகிற காட்சி.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முதல் பக்கம் முடியும்வரை முகத்தில் ஒன்றுமில்லை. பக்கத்தைத் திருப்பினார். திரும்பவும் முதல் பக்கத்துக்கு வந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் சுவரில் இருந்த தீயணைப்புக் குறிப்புகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்து முடித்தேன்.

"சார், ரெடியா?" என்றாள் ஷ்ரவந்தி.

"ரெடிம்மா."

நடித்தார். அதைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. 'சூப்பர்வைஸ்' என்று மகள் சொல்கிற இடத்தில் அந்த அரை விநாடி வந்தது. அறை விழுந்த மாதிரியே முகம் ஒரு பக்கமாகப் போனது. நிகிலன் தாடியைத் துடைத்தான்.

முடித்துவிட்டு, "மேடம், சின்னத் திருத்தம் ஒண்ணு சொல்லலாமா?" என்றார்.

"சொல்லுங்க சார், ப்ளீஸ்."

"இதுல அவரு ஜோக்கைக் கேட்டுட்டுச் சிரிக்கறார். அங்க அப்படி இல்லம்மா. காலைல வெறும் மேடையப் பார்த்துத்தான் சிரிக்கணும். சில நாள் டிபன்கூட வந்திருக்காது. ஜோக்கு அப்புறமா எப்பவோ வரும். நாங்க... அவங்க பார்க்கவே மாட்டாங்க."

"ஐயோ, இது எவ்வளவு நல்லாருக்கு! உங்களுக்கு எப்படி சார் இதெல்லாம் தெரியும்?"

"தெரிஞ்சவர் ஒருத்தர் அங்க போறார்," என்றார்.

என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

வெளியே கேட் பக்கம் வாகைமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"எத்தனை பேர் இருந்தாங்க?" என்றார்.

"எங்கண்ணே?"

"நீ சொன்னப்ப."

"ஆறு பேர்."

"எந்த இடத்துல சிரிச்சாங்க?"

கீழே கிடந்த வாகைக் காயைக் காலால் தள்ளினேன்.

"என் பொண்ணு 'சூப்பர்வைஸ்'னு சொல்றாளே, அங்கயா?"

தலையாட்டினேன்.

"ம். அங்கதான் விழும்," என்றார் தொழில்காரராக. பிறகு கீழே பார்த்தார். "அவ பேரச் சொன்னியா?"

"இல்லண்ணே. மாதா சத்தியமா."

"உனக்கேதுய்யா மாதா? எங்க மாதாவ இழுக்காத." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் நடிக்கப் போறேன் குலோ."

"அண்ணே, வேணாம்ணே. நான் எப்படியாவது..."

"பதினோரு வருஷமாச்சுய்யா என் கையில வசனப் பேப்பர் குடுத்து. அது என் கதையா இருந்தா என்ன, எவன் கதையா இருந்தா என்ன? ஆனா எமல்டா இதப் போன்ல பார்த்துத் தெரிஞ்சுக்கக் கூடாது. ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் உக்காந்து பார்க்கறப்ப தெரிஞ்சுக்கக் கூடாது. முன்னாடியே தெரியணும். நீ போய்ச் சொல்லிட்டு வா."

"நானா? அண்ணே, நீங்க சொல்றதுதான் முறை."

"எனக்குச் சொல்ல வரல. நாலு வருஷமா வரல." கேட்டைத் திறந்தார். "உனக்கு நல்லா வருது."

ஜூலை 4, வெள்ளி

ஷ்ரவந்தியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அங்கிள் ஆரோக்கியம் அண்ணன்தான் என்பதை மட்டும் விட்டு எல்லாவற்றையும். நிஜமான ஒருவர் இருக்கிறார், அவர் மகளுக்குத் தெரியாது, கதாபாத்திரத்தையே எடுத்துவிடலாம் என்றேன்.

அவள் நல்ல பெண். முகம் சுருங்கிவிட்டது. "சார், ரூம்ல சொன்னது அன்னிக்கே பதிவாகி மும்பைக்குப் போயிடுச்சு. இப்ப அது என்கிட்டயும் இல்ல, உங்ககிட்டயும் இல்ல. ஏன் சார் அன்னிக்குச் சொன்னீங்க?"

"நீங்க சிரிச்சீங்கம்மா," என்றேன்.

"உங்க பேரை வேணா எடுத்துடலாம் சார். அது ஒரு மெயில்தான். எடுத்துடவா?" என்றாள்.

நான் திரும்ப வாங்கிக்கொள்ளக்கூடியது அது ஒன்றுதான். "யோசிச்சுச் சொல்றேன்," என்றேன்.

ஜூலை 7, திங்கள்

வசுமதியிடம் சொன்னேன். திட்டவில்லை. திருச்சிக்குப் பகல் ரயிலில் டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். "அங்க போய் ஜோக் அடிச்சீங்கன்னா வீட்டுக்கு வராதீங்க," என்றாள்.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று திருச்சி போய் வந்தேன்.

மேலப்புதூரில் சின்ன வீடு. எமல்டா வாசலிலேயே, "வாங்க சித்தப்பா! அப்பா வரலையா?" என்றாள். மேஜையில் பரீட்சைத் தாள்கள். கேக்கும் டீயும் வைத்தாள். போன வருஷம் அவளுக்குச் சிறந்த ஆசிரியை விருது கொடுத்த போட்டோவைக் காட்டினாள். அதில் ஆரோக்கியம் அண்ணன் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறார், நிஜமாக.

ரயிலில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனது ஒன்றும் உதவவில்லை. சொன்னேன். மூன்றாம் வரிசை, நாள் கூலி, காலை ஒன்பதரை, வெறும் மேடை. அவர் என்னிடம் சொன்னது, நான் ரூமில் சொன்னது, அது தொடராகப் போவது, அதில் அவரே நடிக்கப் போவது. ஒரு சிரிப்பு வார்த்தை வராமல் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவை. பள்ளிக்கூடத்தில் திருக்குறள் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது.

அவள் சிவப்புப் பேனாவை மூடினாள். திறந்தாள். மூடினாள்.

"ஸ்கூல் முழுக்கச் சொல்லி வச்சிருக்கேன்," என்றாள். பிறகு, "அவர் தப்பா ஒண்ணும் பண்ணலையே சித்தப்பா. சிரிக்கத்தானே செஞ்சார். அதை ஏன் என்கிட்ட மறைக்கணும்?"

"உனக்கு அவமானமா இருக்கும்னு."

"எனக்கு இப்பதான் அவமானமா இருக்கு." அது என்னைப் பார்த்துச் சொன்னது. "இதுல உங்க பேர் வருமா?"

"வரும்."

"பெரிசாவா?"

"தனியா."

தலையை ஆட்டிக்கொண்டாள், தப்பான விடைக்கும் வழிமுறைக்கு மார்க் போடுகிற மாதிரி.

"நீங்க இப்பச் சொன்ன மாதிரி அங்க சொல்லியிருக்க மாட்டீங்க," என்றாள்.

"என்னம்மா?"

"இப்படிச் சொன்னா யாரும் சிரிச்சிருக்க மாட்டாங்க. அங்க எப்படிச் சொன்னீங்களோ அப்படிச் சொல்லுங்க. நான் கேக்கணும். நாளைக்கு ஊரே சிரிக்கப் போகுதில்ல? எதுக்குன்னு எனக்கு முன்னாடியே தெரியணும்."

மாட்டேன் என்றேன். கெஞ்சினேன். வேண்டுமானால் காலில் விழுகிறேன் என்றும் சொன்னேன், அதுவும் சினிமா வசனம் மாதிரிதான் வந்தது. அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். பின்வரிசையில் பேசிய பையனை முன்னால் கூப்பிட்டு நிறுத்துகிற டீச்சர்.

எழுந்து நின்று செய்தேன். ஃப்ளோர் மேனேஜர் மைக்கைத் தட்டுவது, வெறும் மேடையைப் பார்த்துப் புன்சிரிப்பு, கைதட்டிச் சிரிப்பு, கண்ணைத் துடைக்கிற சிரிப்பு. ரூமில் மகள் குரலைக் கீச்சென்று செய்திருந்தேன். அதையும் செய்தேன், அவள் முன்னாலேயே, அவள் குரலையே: "எங்கப்பாதான் முழுக்க சூப்பர்வைஸ் பண்றார் மேடம்!" அவள் முகத்தில் அசைவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்போதே நிறுத்தியிருக்கலாம். கடைசிச் சிரிப்பு பாக்கி இருந்தது. தோளில் சாய்கிற சிரிப்பு. பக்கத்து நாற்காலிக்காரர் மேல் ஆரோக்கியம் அண்ணன் விழுந்து விழுந்து சிரிக்கிறார். அந்த மனிதரும் இவர் மேல் விழுந்து சிரித்துக்கொண்டே காதோரமாகக் கேட்கிறார்: "அண்ணே, இன்னிக்காவது வடை உண்டா?"

எமல்டா சிரித்துவிட்டாள்.

ஒரே ஒரு தடவை, மூக்கு வழியாக. உடனே துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. என்னை அவள் பார்த்த பார்வையை இந்த நோட்டில் எழுத மாட்டேன். கம்பெனி நோட்டிலும் எழுத மாட்டேன்.

"போதும் சித்தப்பா. போயிட்டு வாங்க. அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்," என்றாள். தாள்களை இழுத்துக்கொண்டு திருத்த ஆரம்பித்தாள்.

ஸ்டேஷனில் இருக்கும்போது ஆரோக்கியம் அண்ணன் போன் செய்தார். குரல் அழுது முடித்த குரல். "பேசினா. லீவு போட்டுட்டு வர்றாளாம், நான் நடிக்கறதப் பார்க்கணுமாம்," என்றார். என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. நான் சாப்பிட்டேனா என்றுகூடக் கேட்கவில்லை. எப்போதும் கேட்பார்.

வசுமதி கேட்டதற்கு, "சொல்லிட்டேன், முடிஞ்சுது," என்றேன். அவளிடம் சொல்லாததை இங்கே எழுதி முடிக்கிறேன். அந்தப் பெண் சிரித்தாள் இல்லையா, வாயைப் பொத்துவதற்கு முன்னால் ஒரு விநாடி? அந்த ஒரு விநாடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. 'விழுந்தது' என்று நினைத்தேன். அந்த வடையை நான் ரூமில் சொல்லவே இல்லை. அங்கேதான், அவள் முன்னால் நின்றபோதுதான், புதிதாகச் சேர்த்தேன்.